முதலில் சிரிப்பவள்

அவளுக்கு வேலை சிரிப்பது. இதை வெளியில் சொன்னால் யாரும் நம்புவதில்லை என்பதால், கேட்பவர்களிடம் ‘ஸ்டூடியோவில் வேலை’ என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாள். நம்பிய ஓரிருவரும், “அட, வாயைத் திறந்தா காசா, எனக்கும் ஒண்ணு பாத்துக் குடேன்” என்றார்கள். காலையில் குழாயில் தண்ணீர் வராமல், வீட்டுக்காரர் வாடகைக்குப் படியேறி வந்து போய், பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்த ஒருத்தியை உட்காரவைத்து ‘சிரி’ என்றால் அவ்வளவு சுலபத்தில் வந்துவிடுமா என்று யாரும் யோசித்ததில்லை. அவளுக்கு வந்தது. அதற்காகத்தான் சம்பளம்.

ஸ்டூடியோவில் அவளுக்குச் சிரிப்பக்கா என்று பெயர். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்திருக்கும். அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள்.

அடிப்படையில் அவள் சலவைக் கடைக்காரி. நடிகர்களின் உடைகளைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவள் பொறுப்பு. ஒருநாள் இரண்டு கையிலும் ஹேங்கர்களைத் தொங்கவிட்டுக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனவள், மேடையில் என்னமோ நடக்கிறதே என்று நின்றாள். பார்வையாளர்களை உட்காரவைத்து ஒரு நகைச்சுவைத் தொடரைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வந்திருந்தது சரியான கல்லுளிமங்கன் கூட்டம். நடிகர் நாற்காலி என்று நினைத்துக் குப்பைக் கூடையில் உட்கார்ந்தார், ஒரு சத்தமில்லை. மறுபடி உட்காரச் சொன்னார்கள், யாரோ இருமினார்கள். அடுத்த தடவை அவர் எழுந்தபோது கூடையும் கூடவே எழுந்து வந்தது. பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் மூக்கு வழியாக, அப்புறம் தொண்டையில், அப்புறம் அடக்கவே முடியாமல் வயிற்றிலிருந்து. கூட்டம் திரும்பிப் பார்த்தது, பார்த்தவர்களுக்கும் தொற்றிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் அரங்கமே குலுங்கியது. “யாருங்க அது?” என்று டைரக்டர் மைக்கில் கேட்டதும், வேலைக்கு உலை வைத்துக்கொண்டோம் என்று நினைத்து அவள் ஹேங்கர்களுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

உலை வைக்கவில்லை, வேலை கொடுத்தார்கள். வாரத்தில் ஒருநாள் மூன்றாவது வரிசை ஓர நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும். மற்ற நாட்களில் பழையபடி சலவைக் கடை. கூட்டத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் பக்கத்தில் இருப்பவர் ஆரம்பிக்கட்டும் என்று காத்திருப்பார்கள். தான் மட்டும் சிரித்து அசடாகிவிடக் கூடாதே என்ற பயம். அந்த அசட்டுப் பட்டத்தைத் தலையில் வாங்கிக்கொள்ள ஒருத்தி இருந்துவிட்டால் மற்றவர்களுக்குத் தைரியம் வந்துவிடும். இவளுக்கு அதில் கூச்சமே கிடையாது.

ஒரே ஒரு சிக்கல், பொய்யாகச் சிரிக்க அவளுக்கு வராது. ஒருமுறை முயன்று பார்த்தாள். ஆடு கத்தியது மாதிரி இருந்தது. அதனால் டைரக்டர் ஒரு சட்டம் போட்டார். ஒத்திகை நடக்கும் பக்கம் அவள் வரக்கூடாது, வசனத் தாளைக் கண்ணால் பார்க்கக்கூடாது. கதை என்ன என்பது கேமரா ஓடும்போதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். டைரக்டர் நல்ல மனிதர். தயாரிப்பாளர்தான், மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, “சிரிப்பை மெஷின்லயே போட்டுக்கலாமே, அதுக்குச் சம்பளம் கிடையாது, லீவும் கிடையாது” என்று அடிக்கடி முணுமுணுப்பார். “இவங்க சிரிக்கிற வரைக்கும் மெஷின் வேணாம் சார்” என்பார் டைரக்டர். அந்த ஒரு வார்த்தையில் அவள் வேலை தொங்கிக்கொண்டிருந்தது.

தொடரின் கதை, ஒரு வீட்டில் குடியிருக்கும் அக்காவும் தங்கையும் கையில் காசில்லாமல் படும் பாடு. ஒரு வாரம் மின்கட்டணம் கட்டாமல் விளக்கு அணைந்துவிடும். இன்னொரு வாரம் கடன்காரர் வரும்போது இருவரும் கட்டிலுக்கடியில் ஒளிவார்கள். பஞ்சத்தில் அடிபட்ட அந்த இருவருக்கும் போட்டிருந்த சோபா இருக்கிறதே, அதை வாங்கச் சிரிப்பக்கா ஒரு வருஷம் பட்டினி கிடக்க வேண்டும். அந்தச் சமையலறைக்குள் அவளுடைய வீடு முழுவதும் அடங்கிவிடும், தங்கையையும் சேர்த்து.

ஆமாம், அவளுக்கும் ஒரு தங்கை. மாடியில் இரண்டே அறை உள்ள வீட்டில் இருவரும்தான் இருந்தார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை; தங்கைக்குக் கல்யாணம் நடந்து, நிலைக்காமல் போனது. அதன்பிறகு தங்கை கொஞ்சகாலம் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணி வீட்டுச் செலவைப் பற்றி ஏதோ ஒரு வார்த்தை விட்டாள். தங்கை எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்தாள், பெட்டியைக் கட்டினாள், போய்விட்டாள். அண்ணன் வீடு திரும்பியபோது அவள் அக்காவின் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். “நான் விருந்தாளியா வரல. வாடகைல பாதி என்னுது. பாதி குடுக்க முடியலேன்னா அன்னிக்கே கிளம்பிடுவேன்” என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

தங்கைக்கு ஒரு பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை. காலையில் தேய்த்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அக்கா கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்புவாள். மாதம் பிறந்தால் பாதி வாடகை மேசைமேல் இருக்கும். ஒரு நாள் தவறியதில்லை.

மழைக்காலத்துக்கு முன்னால் ஒருநாள், பக்கத்து வீட்டம்மா காலைச் சுளுக்கிக்கொண்டாள் என்று சிரிப்பக்கா அவளைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நோயாளிகளோடு வந்தவர்கள் காத்திருக்கும் கூடத்தில், காற்றாடிக்கு நேர் கீழே, மடியில் பையை வைத்துக்கொண்டு தங்கை உட்கார்ந்திருந்தாள். தேய்த்த சட்டை, வாரிய தலை. ஒரு கிழவர் வந்து அவளிடம் ஏதோ கேட்டார். அவள் எழுந்து, “நேரா போயி இடது பக்கம் திரும்புங்க, எக்ஸ்ரேக்குச் சீட்டு அங்கதான் தருவாங்க” என்றாள். சுவரில் இருந்த அம்புக்குறிப் பலகை தப்பான பக்கம் காட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துச் சரியாகத் திருப்பினாள். அவளை ஆஸ்பத்திரி ஊழியர் என்று நினைத்து இன்னும் நாலுபேர் வந்து நின்றார்கள். நாலுபேருக்கும் வழி சொன்னாள்.

தூணுக்குப் பின்னால் நின்ற அக்காவுக்கு முதலில் வந்தது சிரிப்புதான். வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் தங்கை திரும்பி உட்கார்ந்து, டப்பாவைத் திறந்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள். பொத்திய கைக்குள்ளேயே அக்காவின் சிரிப்பு அழுகையானது. அன்று மாலையே பயணச்சீட்டு அலுவலகம் இருந்த தெருவழியாகப் போய்ப் பார்த்தாள். கதவில் பூட்டு, பூட்டின்மேல் தூசி.

வேலை போய்விட்டது என்று தெரிந்தும் அவள் கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். தங்கை தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பெட்டியைக் கட்டுவாள். இந்தத் தடவை போய் உட்கார வேறு மாடிப்படி கிடையாது. பாதி வாடகை எங்கிருந்து வருகிறது என்று புரிய அதிகநாள் ஆகவில்லை. தங்கையின் கையிலிருந்த வளையல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. “கனமா இருக்கு, கழட்டி வெச்சிருக்கேன்” என்றாள். “ஆமா, வெயில்ல உறுத்தும்” என்று அக்காவும் தலையாட்டினாள். இருவரும் ஒருவரை ஒருவர் இப்படி ஏமாற்றிக்கொண்டு பிரியமாகக் குடித்தனம் நடத்தினார்கள்.

சிரிப்பக்காவுக்கு ஒரு குணம் உண்டு. சிரிப்பு வரும் சமாச்சாரம் அவள் வயிற்றில் தங்காது. வேறு எந்த ரகசியத்தையும் உயிர்போனாலும் காப்பாள். இது மட்டும் முடியாது. இந்த ஒன்றைப் பல மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றினாள். கடைசியில் போயும்போயும் யாரிடம் வாயை விட்டாள் தெரியுமா? கதை எழுதுகிறவரிடம்.

அந்த மனிதர் ஸ்டூடியோவின் உடை அறையில், தேய்த்த உடைகளுக்கு நடுவில், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு, கதையே கிடைக்கவில்லை, கண்ணாடி அறை திட்டுகிறது என்று உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. டீ ஆற்றிக் கொடுத்துக்கொண்டே, “எனக்குத் தெரிஞ்ச ஒரு பொண்ணு…” என்று ஆரம்பித்துவிட்டாள். ஆஸ்பத்திரி, டப்பா, அம்புக்குறி எல்லாம் வந்துவிட்டது. அவர் சிரித்த சிரிப்பில் டீ சட்டையில் கொட்டியது. சொல்லி முடித்தபோது மனசு லேசாக இருந்தது. யாரிடமும் பேசமுடியாததை ஒருவரிடம் பேசிவிட்டோம் என்ற நிம்மதியோடு பஸ் ஏறினாள். வசனத் தாளை அவளுக்குக் காட்டக்கூடாது என்ற சட்டத்தை எல்லோரும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள்.

படப்பிடிப்பு நாளன்று தங்கை, “இன்னிக்கு எங்க ஆபீஸ் லீவு. நானும் வரட்டுமா? ஒரு நாளும் பாத்ததில்லையே” என்றாள். மழைவிடாத நாள், ஆஸ்பத்திரிவரை நனைந்துகொண்டு போக முடியவில்லை போலிருக்கிறது. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். தலைவாரிக்கொள்ளச் சொன்னாள், தன்னுடைய நல்ல செருப்பைக் கொடுத்தாள், கூட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் தன் பக்கத்திலேயே உட்காரவைத்தாள்.

முதல் பாதி நன்றாகத்தான் போனது. கட்டிலுக்கடியில் மாட்டிக்கொண்ட கடன்காரரைப் பார்த்து அக்கா சிரிக்க, கூட்டம் சிரிக்க, தங்கையும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். இடைவேளைக்குப் பிறகு விளக்கு வந்தபோது மேடையில் வரிசையாக நாற்காலிகள். மேலே காற்றாடி. சுவரில் ஓர் அம்புக்குறி. தேய்த்த சட்டை போட்ட நடிகை மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள்.

அது எந்தக் கூடம் என்று சிரிப்பக்காவுக்கு உடனே தெரிந்துவிட்டது.

நடிகை எழுந்து அம்புக்குறியைத் திருப்பினாள். கிழவர் ஒருவர் சுவரில் போய் முட்டிக்கொண்டார். அங்கே சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. முந்நூறு பேரும் மூன்றாவது வரிசை ஓரத்துக்காகக் காத்திருந்தார்கள், அப்படிக் காத்திருக்கிறோம் என்று தெரியாமலே. காற்றாடி சுற்றும் சத்தம் மட்டும் கேட்டது. “கட்” என்றார் டைரக்டர்.

தங்கை அவளைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

“அது நான்தானே.”

அக்கா தலையை ஆட்டினாள்.

“எப்போலேர்ந்து தெரியும்?”

“பக்கத்து வீட்டம்மாவுக்குக் கால் சுளுக்குச்சே, அன்னிலேர்ந்து.”

“அது மழைக்கு முன்னாடி.” தங்கை மேடையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “இவங்ககிட்ட சொன்னியா?”

“உன்னைன்னு சொல்லலடி. வாய் தவறிடுச்சு.”

மறுபடி கேமரா ஓடியது. மறுபடி அம்புக்குறி, மறுபடி கிழவர், மறுபடி மௌனம். கண்ணாடி அறையில் தயாரிப்பாளர் எழுந்து நின்றுவிட்டார். காதில் ஹெட்போன் மாட்டிய பெண் குனிந்து ஓடிவந்து, “அக்கா, உடம்பு சரியில்லையா? மேல ஏதோ மெஷினைப் பத்திப் பேசறாங்க. டைரக்டர் கடைசியா ஒரு தடவை எடுக்கலாம்னு சொல்றாரு” என்று கிசுகிசுத்துவிட்டுப் போனாள். சிரிப்பக்கா கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு வேலையைப் பற்றிய நினைப்பே இல்லை. பக்கத்தில் இருப்பவள் இதோ எழுந்து போய்விடப்போகிறாள், இப்போதே வீட்டுக்குப் போய்ப் பெட்டியைக் கட்டிவிடப்போகிறாள், அதுதான் மனசுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

“சிரி” என்றாள் தங்கை. குரலில் கோபம் இருந்தது.

“முடியலடி.”

“சிரிச்சுத் தொலை. உனக்கும் வேலை போச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போறது? அந்த ஆஸ்பத்திரில காத்தாடிக்குக் கீழ ஒரு நாற்காலிதான் நல்லாருக்கு. பக்கத்து நாற்காலி ஆடும்.”

வேடிக்கைக்காக அவள் சொல்லவில்லை. முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, அங்கே தினமும் உட்கார்ந்து பார்த்தவள் என்கிற தோரணையில் சொன்னாள். அதற்குள் கேமரா ஓடத் தொடங்கிவிட்டது. நடிகை வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவ்வளவுதான், உட்கார மட்டும்தான் செய்தாள். சிரிப்பக்காவின் கண்ணுக்கு அந்தக் கூடத்தில் தானும் தங்கையும் தேய்த்த சட்டையோடு, ஆளுக்கொரு டப்பாவோடு, ஆடாத நாற்காலிக்குச் சண்டை போடுவது தெரிந்தது. மூக்கு வழியாக ஒன்று கிளம்பியது. அப்புறம் தொண்டை. அப்புறம் வயிறு. சிரிக்க வேண்டாத இடத்தில் சிரித்தாள், கண்ணில் தாரை தாரையாகத் தண்ணீர் வழியச் சிரித்தாள். முந்நூறு பேரும் அவள் பின்னால் வந்தார்கள். அம்புக்குறி வருவதற்குள் கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அறையில் தயாரிப்பாளர் உட்கார்ந்தார்.

தங்கை சிரிக்கவில்லை.

முடிந்ததும் கதை எழுதுகிறவர் முகமெல்லாம் பல்லாக ஓடிவந்தார். “அக்கா, எங்கயோ கொண்டுபோயிட்டீங்க. இவங்க யாரு?”

“என் தங்கச்சி.”

அவர் தங்கையைப் பார்த்தார், அவளுடைய தேய்த்த சட்டையைப் பார்த்தார், மெதுவாக அவருடைய பற்கள் உள்ளே போயின.

“அந்தப் பொண்ணு அம்புக்குறியைத் தப்பாத் திருப்பற மாதிரி எழுதியிருக்கீங்க” என்றாள் தங்கை. “தப்பா மாட்டினது ஆஸ்பத்திரிக்காரங்க. அவ சரியாத்தான் திருப்பி வெச்சா. எந்தக் கெழவரும் செவுத்துல முட்டிக்கல.” சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள்.

பஸ்ஸில் அக்காவின் பக்கத்தில் இடம் இருந்தும் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தாள். வீட்டுக்குள் வந்ததும் நேரே உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள், என்ன சமைக்க வந்தோம் என்பதை மறந்து அணைத்தாள், மறுபடி பற்றவைத்தாள். காது முழுக்க அந்தக் கதவில் இருந்தது. பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டால் என்ன செய்வது? குறுக்கே படுத்துக்கொள்வதா? அவள் அதற்கும் தயாராகத்தான் இருந்தாள்.

கதவு திறந்தது. தங்கை கையில் ஒன்றுமில்லாமல் வந்து நின்றாள்.

“தெரிஞ்சுக்கிட்டே தெனமும் எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்தியே, அப்பல்லாம் உனக்குச் சிரிப்பா வந்துச்சா?”

“மொத நாள் வந்துச்சு” என்றாள் அக்கா. பொய் சொல்லத் தோன்றவில்லை. “அப்புறம் ஒரு நாளும் வரல.”

“கேட்டிருக்கலாம்ல.”

“கேட்டா போயிடுவே. அண்ணன் வீட்லேர்ந்து அப்படித்தானே கெளம்பினே. எனக்கு உன் காசும் வேணாம், நீ உண்மை சொல்லவும் வேணாம். நீ சாயங்காலம் திரும்பி வந்தாப் போதும்னு இருந்தேன்.” அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். “அந்த ஆளுகிட்ட சொன்னது தப்பு. அதுக்கு நீ என்னை என்ன வேணாலும் திட்டு. போயிடாத, அவ்ளோதான்.”

தங்கை சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

“என்னால பாதி குடுக்க முடியாதுக்கா. அடுத்த மாசத்துக்கு இல்ல. கை காலி.”

“தெரியும்.”

“இதுவும் தெரியுமா? உனக்குத் தெரியாதது ஏதாவது மிச்சம் இருக்கா?”

“அடுத்த மாசத்தை எப்படிச் சமாளிக்கறதுன்னு தெரியாது” என்றாள் அக்கா.

இருவரும் சாப்பிட்டார்கள். தங்கை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவாமல் அப்படியே தொட்டியில் போட்டாள். அக்கா அதைப் பார்த்தாள். அந்த எச்சில் தட்டைப் பார்த்து ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா என்று கேட்டால், வந்தது, என்ன செய்ய?

படுக்கும்போது தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாள்: “நாளைக்கு என்னை எழுப்பாத. நான் எங்கயும் போகல.”

காலையில் சிரிப்பக்கா சலவைக் கடைக்குக் கிளம்பினாள். பாத்திரத்தைச் சத்தம் வராமல் எடுத்தாள், குழாயை மெலிதாகத் திறந்தாள். வழக்கமாக வெளிச்சம் வந்ததுமே திடுக்கிட்டு எழுந்து உட்காருகிறவள், வாயைக் கொஞ்சம் திறந்தபடி, ஒரு கால் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை இல்லை, காசு இல்லை, வளையல் இல்லை, ஆனாலும் என்ன தூக்கம். அக்கா கதவைச் சாத்திக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கடைசிப் படி வரைக்கும் வெறுங்காலோடு இறங்கினாள்.